ஒன்பது படி

போன ஆண்டு ஏணியின் அடி
பனிக்கட்டியில் ஊன்றி நின்றது.
இந்த ஆண்டு அந்தரத்தில் தொங்குகிறதாம்.
அதனால் என் முதுகில்
ஒன்பது படி கொண்ட அலுமினியத் துண்டு.

நான் இதுங்கு, ஐந்தாவது பெண்.
எங்கள் கொன்சோ வீடுகளில்
பெயருக்காக யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை.
பிறந்த வரிசைதான் பெயர்:
மசிகா, பீரா, கபூகோ, ம்பாம்பு, பிறகு நான்.
முன்னால் கயிற்றுச் சுருளோடு போகும் தெம்போ
அவன் வீட்டில் ஐந்தாவது ஆண்.
இரண்டு ஐந்தாவதுகள்
நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில்
பனிக்கு ஏணி போடப் போகிறோம்.

கீழே கசேசேயில் வெயில்
தகரக் கூரையை அப்பளமாகப் பொரிக்கிறது.
நேற்று பேருந்தில் வந்து இறங்கியவர்
நான்கு திசையும் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"எங்கே உங்கள் ருவென்சோரி?"
"நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பதுதான்" என்றேன்.
அவர் பார்த்துக்கொண்டிருந்தது மேகம்.
மாதத்தில் இரண்டு காலை, மூன்று காலை
முகம் காட்டினால் அதிகம்.

மலையும் வரிசையாகத்தான் பெற்றிருக்கிறது.
தலைப்பிள்ளை வாழைத் தோட்டம்,
மரவள்ளி, காப்பி, ஆட்டுப் புழுக்கை.
அடுத்தது காடு.
அங்கே குரங்குகள் எங்கள் தலைக்குமேல்
ஏணியைப் பற்றி விவாதித்தன.
மூன்றாவது மூங்கில்.
அதற்கு அலுமினியத்தைப் பிடிக்கவில்லை,
ஒவ்வொரு படியாகப் பிடித்து இழுத்தது.
ஒன்பதையும் விடுவித்து வெளியே வந்தபோது
என் வாயில் இருந்த வசவெல்லாம் தீர்ந்திருந்தது.

நான்காவது, பாசி.
மரம், கல், விழுந்த மரம்,
விழுந்த மரத்தின்மேல் முளைத்த மரம்,
எல்லாம் பாசி.
சிவப்பு, மஞ்சள், நான் பெயர் அறியாத ஒரு பச்சை.
கை வைத்தால் மணிக்கட்டுவரை உள்ளே போகும்.
இங்கே இருமினால்கூடச் சத்தம் கேட்காது.
சம்பளம் கொடுக்காவிட்டாலும்
இந்த இடத்துக்காக நான் வருவேன்.
இதை முதலாளியிடம் சொல்லிவிடாதீர்கள்.

பிறகு சதுப்பு.
ரப்பர் பூட்ஸின் விளிம்புக்குமேல் கறுப்புச் சேறு.
புல் திட்டிலிருந்து புல் திட்டுக்குத் தாவிய தெம்போ
ஒரு திட்டு பொய் என்பதைத் தொடைவரை தெரிந்துகொண்டான்.
ஏணியைப் படுக்க வைத்தேன்.
அவன் தவழ்ந்து வந்தான் படிபடியாக.
அதன் முதல் வேலை
ஏற்றிவிடுவதாக இருக்கவில்லை.

இரவு பாறையடியில்.
செத்த இலைகளைக் கழற்றாமல்
கம்பளியாகச் சுற்றிக்கொண்டு நிற்கும் செனேசியோ மரங்கள்.
இருட்டியதும் லொபீலியா தன்னை மூடிக்கொள்கிறது.
எண்ணெய் காணாத கீல்போல் ஒன்று அலறியது.
ஹைராக்ஸ். பூனையளவுதான்,
யானைக்குத் தூரத்துச் சொந்தமாம்.
சொந்தத்தை நினைத்துத்தான் அலறுகிறதோ என்னவோ.

மேலே, பனிக்கு
வரிசை எண் கிடையாது.
நுசூருரு என்போம்.
கிதசாம்பா அங்கே குடியிருப்பதாகச் சொல்வார்கள்.
வாடகைக்கு இருப்பவரைப்போல்
அவர் வீடு சுருங்கிக்கொண்டே வருகிறது.

போல்ட்டுகளை முறுக்கினோம். விரல் மரத்தது.
பழைய ஏணியின் கீழே புதிய ஒன்பது.
ஒன்பதாவது படிக்கும் பனிக்கும் நடுவே
இன்னும் ஒரு சாண்.
தெம்போ ஒரு தட்டைக் கல்லைச் செருகினான்.
இருவரும் பேசவில்லை.
பனிக்கட்டியின் வயிற்றுக்குள்ளே தண்ணீர் மட்டும்
நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தது.

அப்போது மேகம் கிழிந்தது.
அந்தப் பக்கம் காங்கோ.
எங்கோ அடிவாரத்தில் புகை.
கபூகோ வாழ்க்கைப்பட்ட ஊர் அந்தத் திசையில்தான்.
அங்கே வழிந்தாலும் இங்கே வழிந்தாலும்
இந்த மலையின் தண்ணீர் நைலில்தான் சேர்கிறது.
எனக்கு மட்டும் அக்காவைப் பார்க்க
இரண்டு முத்திரை, ஒரு நாள் வரிசை.

கிழிசல் மூடிக்கொண்டது.
இறங்கி வந்து
அடுத்த ஆண்டுக்குப் பத்துப் படி கேட்டு எழுதச் சொன்னேன்.
தெம்போ பதினைந்து என்று எழுதினான்.
நான் பூட்ஸைக் கவிழ்த்துச்
சதுப்பை வெளியே கொட்டிக்கொண்டிருந்தேன்.